மைனஸ் மூன்று

தெருவிளக்குகள் அணைந்தபின் வந்த இரண்டாவது டிசம்பர்.
கிரிம்ஸ்பியில் மாலை நான்கு மணிக்கே கும்மிருட்டு.
என் கடை ஜன்னலுக்குக் கறுப்புத் துணி.
உள்ளே, எழுத்துப் பலகைக்கு மேல் மட்டும்
நாற்பது வாட் பல்பு ஒன்று.

வினிஃப்ரெட் ஸ்டாட் வந்து உட்கார்ந்தாள்.
பேருந்து நடத்துநர். முழங்காலில் கட்டு.
நடைபாதை விளிம்பைக் காணாமல் விழுந்தவளை
மேலதிகாரி என்னிடம் அனுப்பியிருந்தார்.
"கண்ணில் ஒன்றுமில்லை,"
நான் கேட்கும் முன்பே சொன்னாள்.
"தினமும் ஆறு கேரட் தின்கிறேன்."

தின்றவள்தான்.
நாற்காலிக் கையில் கிடந்த உள்ளங்கைகள்
சாயப்பட்டறையில் முக்கி எடுத்தவை.
மூக்கின் இரு புறமும் அதே நிறம்.

இருட்டில் நம் விமானிகள் எதிரியைக் கண்டுபிடிப்பது
கேரட்டால்தானாம்.
சுவரொட்டி சொல்கிறது. வானொலி சொல்கிறது.
கசாப்புக் கடைக்காரர் சொல்கிறார்,
விற்க இறைச்சி இல்லாததால்
இன்னும் அடித்துச் சொல்கிறார்.

"மூன்றாவது வரியை வாசி."
"எந்த வரி?"
"சரி, முதல் எழுத்து."
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு
கழுத்தை நீட்டினாள், நீட்டினாள்,
கடைசியில்
"கறுப்பாக இருக்கிறது" என்றாள்.

சுத்தப் பொய் என்று தள்ளிவிடவும் எனக்கு வாயில்லை.
வேலையில்லாத் திண்டாட்டத்தின்போது ஒருவன் வந்தான்,
ஆர்ச்சி பிளெட்சோ.
இரண்டு வருடமாக ரொட்டியும் வெறும் டீயும்.
பொழுது சாய்ந்தால் சொந்த வீட்டுக் கதவு தெரியாது,
பக்கத்து வீட்டைத் தட்டுவான்.
மாலைக்கண்.
மீனெண்ணெய், கீரை, கேரட், கிடைத்ததையெல்லாம்
தின்னச் சொன்னேன்.
சில வாரம் கழித்து ஓர் அந்தியில் ஓடிவந்தான்,
சுவரில் விட்டில் தெரிகிறதாம்,
அதைச் சொல்லத்தான்.

பசி அடகு வைத்திருந்த கண்ணை
அந்தக் காய்கள் மீட்டுக் கொடுத்தன.
முதல் மட்டும்.
வட்டி ஒரு காசு சேர்த்துத் தரவில்லை.

இவள் அடகே வைக்காதவள்.
கண்விழி ஒரு மில்லிமீட்டர் நீளம், அவ்வளவுதான்.
முட்டைக்கோஸ் வண்டி ஒன்றை முழுதாகக் காலிசெய்தாலும்
அது குட்டையாகாது.
சொன்னேன்.

"எட்டு மாதம்," என்றாள்.
சில்லறை எண்ணும் உதடுகள் மெல்ல அசைந்தன.
"ஆயிரத்து நானூற்று நாற்பது."
கேரட்டைத்தான் சொல்கிறாள் என்று புரிய
எனக்குக் கொஞ்ச நேரமாயிற்று.
"அப்படியானால் அந்த விமானிகள்?"
"தெரியாது.
எதையோ தின்கிறார்கள்,
அல்லது எதையோ மறைக்கிறார்கள்."
சொன்னதும் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.
காலம் அப்படி.

சோதனைச் சட்டத்தை மூக்கில் மாட்டி
ஒவ்வொன்றாய்ச் செருகினேன்.
மைனஸ் ஒன்று. மைனஸ் இரண்டு.
மைனஸ் மூன்றில் பேச்சை நிறுத்தினாள்.

எழுத்துப் பலகையை அவள் பார்க்கவே இல்லை.
அமைச்சக ஆள் வந்து
என் கடைக்குள்ளேயே ஒட்டிவிட்டுப் போன சுவரொட்டி:
தொப்பி வைத்து, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் கேரட்.
பேருந்துக்குள்ளும் அதே படம்.
எட்டு மாதமாய் அவளுக்கு அது
ஓர் ஆரஞ்சுத் தீற்றல்.

"இது கண்ணாடி போட்டிருக்கிறது," என்றாள்.

எனக்கும் அப்போதுதான் தெரிந்தது.
தினமும் துடைக்கிறேன் அந்தச் சுவரை.

வட்டக் கண்ணாடி,
மலிவான சட்டம். மைனஸ் மூன்றாகத்தான் இருக்கும்.
முழங்காலைப் பிடித்துக்கொண்டு
கட்டு நனையும்வரை சிரித்தாள்,
சிரிப்பில்தான் நனைந்தது என்று வைத்துக்கொள்வோம்.

கடை பூட்டிக் கிளம்பினேன்.
சுவரைத் தடவித் தடவி நடந்து
மூலையில் யார்மேலோ மோதி
"மன்னியுங்கள்" என்று தொப்பியைத் தூக்கினேன்.
தபால் பெட்டி.

வீட்டில் எடித் சமைத்திருந்தது கேரட் பை.
சர்க்கரை ரேஷன் தீர்ந்துவிட்டதாம்.
இன்னொரு துண்டு கேட்டேன்.